புது அணையா, கூடுதல் டர்பைனா? நீர்மின் திறனைப் பெருக்குவதன் கணக்கு

2025 ஜூலையில், திபெத்தில் ஓடும் யார்லுங் சாங்போ ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஒரு மாபெரும் நீர்மின் திட்டத்தைச் சீனா தொடங்கியது. இந்தியாவுக்குள் நுழைந்து பிரம்மபுத்திரா ஆவது இதே ஆறுதான். திட்டத்தின் திறன் சுமார் 60,000 மெகாவாட் என்கின்றன செய்திகள். அடுத்த இரண்டு மாதத்தில் எத்தியோப்பியா நீல நைல் ஆற்றில் 5,150 மெகாவாட் அணையைத் திறந்து வைத்தது. ஏசி, மின்வாகனம், டேட்டா சென்டர் என்று மின்தேவை ஏறிக்கொண்டே போகிறது; நிலக்கரியையும் குறைத்தாக வேண்டும். அதனால் பல நாடுகளின் பார்வை மறுபடி அணைகள் பக்கம் திரும்பியிருக்கிறது.

இந்தச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு மூன்று இடங்களில் குழப்பம் வருகிறது. பெரிய அணைகள் இருக்கும் நாடுகளிலேயே ஏன் மணிக்கணக்கில் மின்வெட்டு? ஆற்றில் தண்ணீர் கூடாமலே ஒரு மின்நிலையத்தின் திறன் மட்டும் எப்படி ஏறுகிறது? தருவதைவிட அதிக மின்சாரத்தை விழுங்கும் நீரேற்று நிலையங்களை எதற்காக இவ்வளவு செலவழித்துக் கட்டுகிறார்கள்? மூன்றையும் புரிந்துகொள்ள முதலில் ஓர் எளிய வேறுபாடு தெளிவாக வேண்டும்.

## மெகாவாட் வேறு, யூனிட் வேறு

எல்லா இயந்திரங்களையும் முழு அளவில் ஓட்டினால் ஒரு மின்நிலையம் ஒரு நேரத்தில் எவ்வளவு மின்சாரம் தர முடியுமோ, அது அதன் நிறுவுதிறன். இதை மெகாவாட்டில் சொல்வார்கள். அப்படி எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் வருவது உற்பத்தி. வீட்டு மீட்டரில் ஏறுவது இதுதான். 1 யூனிட் என்றால் 1 கிலோவாட் மணி. 1,000 மெகாவாட் நிலையம் ஒரு மணி நேரம் முழுத் திறனில் ஓடினால் 10 லட்சம் யூனிட் கிடைக்கும்.

அறிவிப்புகளில் வருவது பெரும்பாலும் மெகாவாட்தான். ஆண்டு முழுக்க நிற்காமல் முழுத் திறனில் ஓடியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய மின்சாரத்தில் உண்மையில் எத்தனை சதவீதம் கிடைத்தது என்று பார்த்தால்தான் நிலையத்தின் நிஜ முகம் தெரியும். அதைத் திறன் பயன்பாட்டு விகிதம் என்று வைத்துக்கொள்வோம்.

சீனாவின் த்ரீ கார்ஜஸ் அணைக்கு நிறுவுதிறன் 22,500 மெகாவாட். உலகிலேயே பெரிய மின்நிலையம் அது. 2020-இல் அது சுமார் 11,180 கோடி யூனிட் தந்து சாதனை படைத்தது. பிரேசிலும் பராகுவேயும் சேர்ந்து பரானா ஆற்றில் நடத்தும் இட்டாய்ப்பு அணைக்குத் திறன் 14,000 மெகாவாட் மட்டுமே. ஆனால் 2016-இல் அது தந்தது சுமார் 10,310 கோடி யூனிட். திறனில் இரண்டுக்கும் எவ்வளவோ தூரம். உற்பத்தியில் எட்டிப் பிடிக்கும் தூரம். த்ரீ கார்ஜஸின் விகிதம் அந்த ஆண்டில் 57 சதவீதம் அளவில், இட்டாய்ப்புவின் விகிதம் 84 சதவீதம் அளவில்.

காரணம் ஆறுகளின் குணம். பரானாவில் ஆண்டு முழுவதும் நல்ல நீரோட்டம் உண்டு. மேலே இருக்கும் ஏராளமான அணைகள் அதை இன்னும் சீராக்கி அனுப்புகின்றன. த்ரீ கார்ஜஸ் இருக்கும் யாங்சி ஆற்றில் மழைக்காலத்தில் வெள்ளம், மற்ற மாதங்களில் குறைந்த நீர். போதாததற்கு, வெள்ளத்தைத் தாங்குவதற்காக மழைக்காலத்துக்கு முன்பே த்ரீ கார்ஜஸ் நீர்த்தேக்கத்தை இறக்கி, இடம் காலியாக வைக்கவும் வேண்டும். எத்தியோப்பிய அணையில் ஆண்டுக்கு எதிர்பார்க்கப்படுவது சுமார் 1,570 கோடி யூனிட். கணக்குப் போட்டால் விகிதம் 35 சதவீதம்தான். 5,150 மெகாவாட் என்ற எண்ணைப் பார்த்துவிட்டு 5,150 மெகாவாட் அனல்மின் நிலையத்தோடு ஒப்பிடுவது தவறு என்பது இதிலிருந்து விளங்கும்.

## ஒரு டிஎம்சி தண்ணீரில் எவ்வளவு மின்சாரம்?

நீர்மின்சாரத்தை முடிவு செய்பவை இரண்டே அளவுகள்: எவ்வளவு தண்ணீர் வருகிறது, எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது. இரண்டையும் பெருக்க வேண்டும். 1,000 லிட்டர் தண்ணீர் 367 மீட்டர் இறங்கினால் கிடைப்பது சரியாக ஒரு யூனிட். இயந்திர இழப்புகளைக் கழித்தால் நடைமுறையில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 400 மீட்டர் இறங்க வேண்டும். இத்தனைக்கும் நல்ல நீர்மின் டர்பைன் தண்ணீரின் ஆற்றலில் 90 சதவீதத்துக்கும் மேல் எடுத்துவிடக்கூடியது. நிலக்கரி அனல்மின் நிலையம் எரிபொருளின் வெப்பத்தில் பாதியைக்கூட மின்சாரமாக்குவதில்லை.

யார்லுங் சாங்போவின் மீது சீனாவுக்கு ஏன் இவ்வளவு ஆசை என்பதற்கும் இதே பெருக்கல்தான் விடை. இமயமலையைச் சுற்றி வளையும் இடத்தில் அந்த ஆறு சுமார் 50 கிலோமீட்டர் தூரத்துக்குள் 2,000 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. பெரிய ஆறு, பெரிய இறக்கம்: உலகில் இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம்.

இனி வரும் பகுதிகளுக்கு உதவ ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். 1 டிஎம்சி (100 கோடி கனஅடி) தண்ணீர் 100 மீட்டர் இறங்கினால், இழப்பு போக, சுமார் 70 லட்சம் யூனிட் கிடைக்கும். 1,000 மெகாவாட் டர்பைன்கள் இருந்தால், நொடிக்கு 40,000 கனஅடி வீதம் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீரை 7 மணி நேரத்தில் தீர்த்துவிடலாம்.

## மூன்று வகை நிலையங்கள்

1. தேக்கி வைக்கும் வகை. மழைக்காலத் தண்ணீரை அணையில் நிறுத்தி, வேண்டிய மாதத்தில், வேண்டிய மணியில் திறப்பது. நேரம் நம் கையில் இருக்கும்.

2. ஓடும் ஆற்று வகை. பெரிய தேக்கம் இல்லாமல், ஆற்றை ஒரு பக்கம் திருப்பிச் சுரங்கம் வழியே இறக்கி, டர்பைனைச் சுற்றவிட்டு மறுபடி ஆற்றில் சேர்ப்பது. மூழ்கும் நிலம் குறைவு. ஆனால் ஆற்றில் வரும் தண்ணீர்தான் எஜமான். கோடையில் உற்பத்தி சரியும்.

3. நீரேற்று வகை. மேலே ஒரு தேக்கம், கீழே ஒரு தேக்கம். மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவை எகிறும்போது கீழே இறக்குவது.

மெகாவாட் என்ற ஒரே பெயரில் இந்த மூன்றும் ஒரே பட்டியலில் கூட்டப்படுகின்றன. உலகின் மொத்த நீர்மின் திறன் 1,400 கிகாவாட்டுக்கும் (1 கிகாவாட் என்றால் 1,000 மெகாவாட்) மேல் என்று படிக்கும்போது, அதில் சுமார் 190 கிகாவாட் நீரேற்று நிலையங்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அவை சொந்தமாக மின்சாரம் தருபவை அல்ல.

## அணை கட்டாமல் திறனைக் கூட்டுவது

விரிவாக்கம் என்றதும் புது அணைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் இருக்கும் அணைகளிலேயே செய்யக்கூடியது நிறைய.

1. டர்பைன் சேர்ப்பது. மேலே பார்த்த 1 டிஎம்சி கணக்குக்கே வருவோம். 1,000 மெகாவாட் நிலையத்தில் இன்னொரு 1,000 மெகாவாட் சேர்த்தால் தண்ணீர் 7 மணி நேரத்துக்குப் பதில் மூன்றரை மணி நேரத்தில் தீரும். கிடைப்பது அதே 70 லட்சம் யூனிட். தொட்டி அதேதான், குழாய் மட்டும் பெரிதாகிவிட்டது. அப்படியானால் திறன் இரட்டிப்பானது என்ற அறிவிப்பு ஏமாற்று வேலையா? இல்லை. மின்சாரத்துக்கு எல்லா நேரமும் ஒரே மதிப்பு கிடையாது. சூரிய மின்சாரம் பெருகிய கட்டமைப்புகளில் நண்பகலில் மின்சாரம் வழிகிறது. சூரியன் மறைந்த பிறகு வரும் மூன்று நான்கு மணி நேரம்தான் கழுத்தைப் பிடிக்கிறது. அந்த நேரத்துக்கு அதே தண்ணீரை இரண்டு மடங்கு வேகத்தில் கொடுக்க முடிந்தால், யூனிட் கூடாமலே பற்றாக்குறை தீரும். மழைக்காலத்தில் வேறொரு லாபமும் உண்டு. முன்பு டர்பைனில் இடமில்லாமல் மதகு வழியே வீணாக இறங்கிய வெள்ளத்தின் ஒரு பகுதி கூடுதல் இயந்திரங்களில் மின்சாரமாகும். அந்த அளவுக்கு யூனிட்டும் உண்மையாகவே கூடும்.

பாகிஸ்தானில் சிந்து ஆற்றின் தர்பேலா அணை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அணை 1976-இல் முடிந்தது. பாசனத்துக்காக வெட்டியிருந்த நான்காவது சுரங்கத்தில் டர்பைன்களைப் பொருத்தி, 2018-இல் 1,410 மெகாவாட் சேர்த்தார்கள். புதிதாக ஓர் ஆற்றையும் மறிக்கவில்லை. அமெரிக்காவின் கிராண்ட் கூலி அணையிலும் 1970களில் மூன்றாவது மின்நிலையம் வந்தது. இன்று அதன் திறன் சுமார் 6,800 மெகாவாட். அங்கே கவனிக்க வேண்டியது, கொலம்பியா ஆறு பற்றி 1964-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கைப்படி கனடா தன் பக்கத்தில் அணைகள் கட்டி நீரைச் சீராக்கித் தந்ததால்தான் அந்தக் கூடுதல் டர்பைன்களுக்கு வேலை கிடைத்தது. இட்டாய்ப்புவிலும் முதலில் இருந்தவை 18 இயந்திரங்கள். 2007-க்குள் மேலும் இரண்டு சேர்ந்தன. பராமரிப்புக்காக இரண்டு நின்றாலும் 18 ஓட வேண்டும் என்பதே நோக்கம்.

2. பழையதைப் புதுப்பிப்பது. நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஓடிய டர்பைன்களின் சுழல் சக்கரத்தையும் ஜெனரேட்டர் சுருளையும் மாற்றினால் அதே தண்ணீரில் சில சதவீதம் கூடுதலாக எடுக்கலாம். சில சதவீதம்தானே என்று தோன்றும். பல அணைகளில் கூட்டினால் ஒரு நிலையத்துக்கே ஈடாகும், அதுவும் ஒரு குடும்பத்தைக்கூட இடம்பெயர்க்காமல். அமெரிக்காவின் ஹூவர் அணையில் வேறு காரணம் இருந்தது. அதன் நீர்த்தேக்கமான மீட் ஏரியின் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போனதால், குறைந்த நீர்மட்டத்திலும் அதிராமல் ஓடக்கூடிய புதிய டர்பைன்களைப் பொருத்தினார்கள். அங்கே புதுப்பித்தல் என்பது திறனை ஏற்றுவதற்காக அல்ல, இருப்பதை இழக்காமல் இருப்பதற்காக.

3. மின்நிலையம் இல்லாத அணைகளில் நிலையம் அமைப்பது. பாசனம், குடிநீர், வெள்ளத்தடுப்பு, படகுப் போக்குவரத்து என்று வேறு தேவைகளுக்காகக் கட்டிய அணைகள் உலகெங்கும் கிடக்கின்றன. அமெரிக்காவில் 90,000 அணைகள் அளவுக்கு உண்டு. மின்சாரம் எடுப்பது அவற்றில் சுமார் 3 சதவீதத்தில் மட்டும். பெரும்பாலானவை சிறியவை, செலவுக்குக் கட்டுப்படியாகாதவை. மிச்சத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

4. சூரிய மின்சாரத்தோடு சேர்த்து இயக்குவது. சீனாவின் லோங்யாங்சியா அணையில் 1,280 மெகாவாட் நீர்மின் நிலையமும் 850 மெகாவாட் சூரிய மின்நிலையமும் ஒரே மின்பாதையில் இணைக்கப்பட்டுள்ளன. வெயில் அடிக்கும்போது தண்ணீரை நிறுத்தி வைப்பது, மேகம் வந்தால் திறப்பது. அணையே பேட்டரியாக வேலை செய்கிறது. எதையும் மேலே ஏற்ற வேண்டியதில்லை.

இப்படித் திடீர் திடீரெனத் திறப்பதற்கும் மூடுவதற்கும் விலை உண்டு. நமது கணக்கில் நொடிக்கு 80,000 கனஅடி வீதம் மூன்றரை மணி நேரம் திறந்துவிட்டுப் பிறகு நிறுத்தினால் கீழே இருப்பவர்களுக்கு ஆறு ஒரே நாளில் வெள்ளமாகவும் மணலாகவும் மாறும். மீன் முட்டை காயும்; குளிக்க இறங்கியவர் அடித்துச் செல்லப்படுவார். அதைச் சமன் செய்யக் கீழே ஒரு சிறிய அணை தேவைப்படும், அல்லது எப்போதும் விட்டே ஆக வேண்டிய குறைந்தபட்ச நீர் என்று ஒன்றைச் சட்டமாக்க வேண்டும்.

இயந்திரத்துக்கும் பாடுதான். ரஷ்யாவின் 6,400 மெகாவாட் சயனோ-சுஷென்ஸ்கயா நிலையத்தில் 2009 ஆகஸ்ட் 17 அன்று இரண்டாம் எண் டர்பைன் பிய்த்துக்கொண்டு மேலே கிளம்ப, தண்ணீர் மின்நிலையக் கூடத்துக்குள் பாய்ந்து 75 பேர் இறந்தார்கள். மூடியைப் பிடித்திருந்த போல்ட்டுகள் அதிர்வில் களைத்துப் போயிருந்தன. தேவைக்கேற்ப உற்பத்தியை ஏற்றி இறக்கும் பொறுப்பு அந்த நேரத்தில் அந்த இயந்திரத்தின் மீது இருந்தது. ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் அது அதிர்வு மிகுந்த ஓட்ட நிலையைக் கடக்க வேண்டியிருந்தது. விரைந்து வளைந்து கொடுக்கும் நிலையம் வேண்டும் என்றால் பராமரிப்புக்கும் அதே அளவு பணம் ஒதுக்க வேண்டும். இது அறிவிப்புகளில் இடம்பெறுவதே இல்லை.

## நீரேற்று நிலையம்: நட்டத்தில் ஓடியும் ஏன் வேண்டும்?

தண்ணீரை மேலே ஏற்ற 100 யூனிட் செலவானால், இறக்கும்போது 75 முதல் 80 யூனிட் திரும்பக் கிடைக்கும். மிச்சம் பம்பிலும் குழாய் உராய்விலும் போய்விடும். கணக்கில் நட்டம்தான். ஆனால் ஏற்றப் பயன்படுவது, இல்லாவிட்டால் வீணாகியிருக்கும் மின்சாரம். காற்று பலமாக வீசும் இரவிலும் வெயில் கொளுத்தும் நண்பகலிலும் வாங்க ஆளில்லாமல் காற்றாலைகளையும் சூரியத் தகடுகளையும் நிறுத்தச் சொல்லும் நிலைமை பல நாடுகளில் வந்துவிட்டது. நிறுத்தினால் 100-உம் போகும். ஏற்றி வைத்தால் 20, 25 மட்டும் போகும்.

இரண்டாவது வேலை இன்னும் முக்கியம். மின்கட்டமைப்பில் ஒவ்வொரு நொடியும் உற்பத்தியும் தேவையும் சமமாக இருக்க வேண்டும். தவறினால் 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய அலைவெண் சரியும், பாதுகாப்புக் கருவிகள் ஒவ்வொரு பகுதியாக இணைப்பைத் துண்டிக்கும். பெரிய அனல்மின் நிலையம் ஒன்று திடீரென நின்றுவிட்டால் அந்த இடைவெளியை அடைக்கும் வேகம் தண்ணீருக்கு உண்டு. வேல்ஸில் 1984-இல் திறந்த டினோர்விக் நீரேற்று நிலையம், 1,728 மெகாவாட், மலைக்குள் குடைந்து கட்டப்பட்டது. அதன் இயந்திரங்கள் தயார் நிலையில் சுழன்றுகொண்டிருந்தால், ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் சில நொடிகளில் ஏற்றிவிடும். மொத்தக் கட்டமைப்பும் இருண்டுபோனால் முதலில் உயிர்ப்பித்து எழுப்புவதும் பெரும்பாலும் நீர்மின் நிலையங்களைக் கொண்டுதான். கிளப்புவதற்கு அவற்றுக்கு வெளி மின்சாரம் மிகக் கொஞ்சமே தேவை.

அமெரிக்காவின் பாத் கவுன்டி நிலையம், 3,003 மெகாவாட், 1985-இலிருந்து பல காலம் உலகில் பெரியதாக இருந்தது. இப்போது அந்த இடம் சீனாவின் 3,600 மெகாவாட் ஃபெங்னிங் நிலையத்துக்கு. லித்தியம் பேட்டரி விலை சரிந்துவிட்ட நிலையில் இவை இனி தேவையா என்ற கேள்வி நியாயமானது. இரண்டு, நான்கு மணி நேரச் சேமிப்புக்கு பேட்டரியே சரி. சீக்கிரம் நிறுவலாம், எங்கும் வைக்கலாம். எட்டு மணி, பத்து மணி, நாட்கணக்கு என்று போகும்போது தண்ணீர்தான் கணக்குக்கு ஒத்துவருகிறது. ஒரு பெரிய குளத்தை இரண்டு மடங்கு ஆழமாக்குவதற்கான செலவு, பேட்டரிகளை இரண்டு மடங்காக வாங்குவதற்கான செலவைவிட மிகக் குறைவு.

இதில் இன்னொரு நல்ல செய்தி, ஆறே தேவையில்லை என்பது. பக்கத்தில் உயர வேறுபாடுள்ள இரண்டு தேக்கங்கள் இருந்தால் போதும். ஒருமுறை நிரப்பிய நீரையே திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, ஆவியாவதை மட்டும் ஈடுகட்டலாம். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் உலக நிலவரைபடத்தை அலசி, இப்படி அமையக்கூடிய 5 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களை அடையாளம் காட்டியது. அது மேட்டையும் பள்ளத்தையும் மட்டும் பார்த்த பட்டியல். பாறை உறுதியா, நிலம் யாருடையது, மின்பாதை எவ்வளவு தூரம் என்பதெல்லாம் பார்த்தால் பெரும்பகுதி அடிபடும். மிஞ்சுவதே ஏராளம். குயின்ஸ்லாந்தில் கைவிடப்பட்ட கிட்ஸ்டன் தங்கச் சுரங்கத்தின் குழிகளையே தேக்கங்களாக்கி 250 மெகாவாட் நிலையம் திட்டமிட்டது இந்த வகை.

## தண்ணீர் வராத ஆண்டில் என்ன நடக்கிறது?

ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேவுக்கும் நடுவே ஜாம்பேசி ஆற்றில் இருக்கிறது கரிபா. கொள்ளளவில் உலகின் மிகப் பெரிய செயற்கை ஏரி. மின்தேவை ஏறியதால் இரண்டு நாடுகளும் தங்கள் கரையில் டர்பைன்களைச் சேர்த்தன. ஜாம்பியா 360 மெகாவாட். ஜிம்பாப்வே 2018-இல் 300 மெகாவாட் சேர்த்துத் தன் பக்கத்தை 1,050 ஆக்கியது. 2022 நவம்பரில், மின்னுற்பத்திக்குப் பயன்படும் நீர் கிட்டத்தட்ட தீர்ந்துபோய், ஜிம்பாப்வே பக்கம் உற்பத்தியை நிறுத்துமாறு ஆற்று ஆணையம் உத்தரவிட்டது. 2024 வறட்சியில் ஜாம்பியாவும் பேரிடர் அறிவித்தது. மின்சாரத்தில் பெரும்பகுதி நீரிலிருந்தே பெறும் அந்த நாட்டில் மின்வெட்டு நாளின் பெரும்பகுதியைத் தின்றது. குழாயைப் பெரிதாக்கியவர்களுக்குத் தொட்டி நிரம்பவில்லை.

பணக்கார நாடு என்றாலும் இதே கதைதான். 2022 ஆகஸ்டில், மின்சாரத்தில் சுமார் 80 சதவீதத்தை நீரிலிருந்து எடுக்கும் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் வெப்ப அலை வீசியது. ஆறுகள் வற்றி உற்பத்தி பாதியாக, அதே வெப்பத்தால் ஏசி தேவை எகிற, தொழிற்சாலைகளை மூட வேண்டிவந்தது. இதில்தான் நீர்மின்சாரத்தின் உண்மையான பலவீனம் இருக்கிறது: அது சறுக்கும் நேரமும் தேவை உச்சத்துக்குப் போகும் நேரமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. பிரேசில் இதை 2001-லேயே அனுபவித்தது. மழை பொய்த்து, மக்கள் மின்பயன்பாட்டை 20 சதவீதம் குறைக்க வேண்டும் என்று அரசு பங்கீட்டைக் கொண்டுவந்தது. அதன் பிறகு அந்த நாடு எரிவாயுவிலும் காற்றாலையிலும் முதலீட்டைப் பெருக்கியது.

ஆகவே, ஏற்கெனவே நீரை நம்பியிருக்கும் நாடு இன்னும் அணைகளைச் சேர்ப்பதும், சூரியன், காற்று, அனல் என்று கலந்திருக்கும் நாடு சேர்ப்பதும் ஒன்றல்ல. முதலாவது அபாயத்தை ஒரே இடத்தில் குவிக்கிறது.

## வண்டலும் வெள்ளமும்

ஆறு தண்ணீரை மட்டும் கொண்டுவருவதில்லை. இமயமலை ஆறுகளில் வரும் மணலில் குவார்ட்ஸ் துகள்கள் அதிகம். உப்புத்தாள் போலத் தேய்த்து டர்பைன் இறக்கைகளைத் தின்றுவிடும். சட்லஜ் ஆற்றின் 1,500 மெகாவாட் நாத்பா ஜாக்ரி நிலையத்தில் வண்டல் வரம்பு தாண்டும் நாட்களில் இயந்திரங்களையே நிறுத்திவிடுவார்கள், அதுவும் தண்ணீர் நிறைய வரும் மழைக்காலத்தில். அணைக்குள் தங்கும் வண்டல் கொள்ளளவையும் தின்னும். மஞ்சள் ஆற்றின் சான்மென்சியா அணை 1960-இல் முடிந்து, ஓரிரு ஆண்டுகளிலேயே வண்டல் மூடி, அடிமதகுகள் திறந்து மாற்றிக் கட்ட வேண்டியதாயிற்று. தர்பேலாவும் கொள்ளளவில் கணிசமான பகுதியை இழந்துவிட்ட அணைதான்.

அப்புறம் வெள்ளம். 2023 அக்டோபர் 3 இரவு சிக்கிமில் தெற்கு லோனாக் பனிப்பாறை ஏரி உடைந்து, தீஸ்தா ஆற்றில் 1,200 மெகாவாட் நிலையத்துக்கான சுங்தாங் அணையை அடித்துச் சென்றது. ஏரி பெருகி வருவது முன்பே தெரிந்திருந்தது. உலகம் சூடாகும்போது பனிப்பாறை உருகி முதலில் ஆற்றில் நீர் கூடும், பிறகு குறையும். இடையில் இத்தகைய ஏரிகள் பெருகும். கடந்த ஐம்பது ஆண்டுகளின் நீரோட்டக் கணக்கை வைத்து அடுத்த நூறு ஆண்டுகளுக்கான அணையை வடிவமைக்கும் பழைய முறை இனி போதாது.

## நிலம், மக்கள், மீத்தேன்

த்ரீ கார்ஜஸுக்காக 12 லட்சத்துக்கும் அதிகமானோர் இடம்பெயர்க்கப்பட்டார்கள். இழப்பு ஆற்றோரத்தில், மின்சாரம் தொலைதூர நகரத்தில். இந்தச் சமனின்மையை இழப்பீட்டுத் தொகை அரிதாகவே சரிசெய்திருக்கிறது.

நீர்மின்சாரம் எப்போதும் சுத்தமானது என்ற நம்பிக்கைக்கும் விதிவிலக்கு உண்டு. வெப்பமண்டலக் காட்டை மூழ்கடித்தால் மரங்கள் நீருக்கடியில் ஆக்சிஜன் இல்லாமல் அழுகி மீத்தேன் வெளிவரும். பிரேசிலின் அமேசான் பகுதியில் பல்பினா அணை சுமார் 2,360 சதுர கிலோமீட்டரை மூழ்கடித்தது. திறன் 250 மெகாவாட். இட்டாய்ப்பு மூழ்கடித்தது 1,350 சதுர கிலோமீட்டர், திறன் 14,000. ஒரு மெகாவாட்டுக்குப் பல்பினா எடுத்த நிலம் இட்டாய்ப்புவைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு. புதுத் திட்டம் ஒன்றைப் பற்றிப் படிக்கும்போது முதலில் தேட வேண்டிய எண் இதுதான் என்பேன்.

எல்லை தாண்டும் ஆறு என்றால் அரசியலும் சேரும். எத்தியோப்பிய அணையின் கொள்ளளவு 7,400 கோடி கனமீட்டர். மின்சாரம் எடுப்பதால் தண்ணீர் தீர்ந்துவிடாது, கீழே போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் எப்போது, எவ்வளவு என்று முடிவு செய்யும் அதிகாரம் மேலே இருப்பவரிடம் போய்விடுகிறது. ஆற்றின் கீழே இருக்கும் எகிப்தின் அச்சம் அதைப் பற்றியது. தேக்கத்தை நிரப்பும் ஆண்டுகளும் வறட்சி ஆண்டுகளும்தான் அங்கே சண்டைக்குரியவை.

## காலமும் செலவும்

ஆஸ்திரேலியாவின் ஸ்னோவி 2.0 நீரேற்றுத் திட்டம் 2017-இல் அறிவிக்கப்பட்டபோது மதிப்பீடு 200 கோடி ஆஸ்திரேலிய டாலர். 2023-இல் அது 1,200 கோடியானது. சுரங்கம் தோண்டும் இயந்திரம் ஒன்று மென்மண்ணில் மாதக்கணக்கில் சிக்கிக் கிடந்தது. முடிந்தால் 2,200 மெகாவாட்டும் 35 கோடி யூனிட் சேமிப்பும் கிடைக்கும். எந்த பேட்டரியும் கிட்டே வர முடியாத அளவு. ஆனாலும் மலைக்குள் என்ன இருக்கிறது என்பது தோண்டும்வரை தெரியாது, எல்லாப் பெரிய நீர்மின் திட்டங்களுக்கும் பொதுவான சிக்கல் அது. ஒரு பெரிய அணைக்கு ஆய்வு, அனுமதி, கட்டுமானம் என்று பத்து ஆண்டுகள் சாதாரணம். மின்தேவையோ ஓரிரு ஆண்டில் தாவுகிறது. அடுத்த ஐந்து ஆண்டுகளின் பற்றாக்குறைக்குப் பழைய நிலையங்களைப் புதுப்பிப்பதும் டர்பைன் சேர்ப்பதும் உதவும். புது அணையால் அந்தக் காலத்துக்குள் எதுவும் ஆகாது.

தண்ணீரும் உயரமும் இருந்துவிட்டால் போதுமா என்பதற்கு காங்கோ ஜனநாயகக் குடியரசில், காங்கோ ஆற்றின் இங்கா அருவிப் பகுதியைப் பார்க்கலாம். அந்த ஆற்றின் கிளைகள் பூமத்திய ரேகையின் இரண்டு பக்கமும் பரவியிருப்பதால், ஒரு பக்கம் மழை ஓயும்போது மறுபக்கம் பெய்யும். ஆண்டு முழுவதும் நீர் வற்றுவதே இல்லை. 40,000 மெகாவாட் வரை எடுக்கலாம் என்று பல ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். கட்டியிருப்பது 1972-இன் இங்கா 1-உம் 1982-இன் இங்கா 2-உம். இரண்டும் சேர்ந்து 1,775 மெகாவாட். அவற்றிலும் பராமரிப்பில்லாமல் பல இயந்திரங்கள் ஆண்டுக்கணக்கில் நின்று கிடந்தன. உள்ள மின்சாரமும் 1,700 கிலோமீட்டர் பாதையில் தெற்கே சுரங்கங்களுக்குப் போக, நாட்டு மக்களில் பெரும்பாலோருக்கு மின்இணைப்பே இல்லை. இங்கா 3-க்கான உதவியை உலக வங்கி 2016-இல் நிறுத்தி வைத்தது. 2025-இல் முதற்கட்டமாக 25 கோடி டாலருக்கு மீண்டும் ஒப்புதல் தந்தது. அந்தப் பணத்தில் இப்போதைக்கு அணை எழாது. ஆயத்தப் பணிகள்தான் நடக்கும்.